செத்த டிஸ்க் வாங்கிய ஆள்

அத்தியாயம் 7

பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றியது. முன்பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. கறுத்த திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. தொடங்குவதற்கு உள்ளே எதுவும் கிடைக்கவில்லை என்பது அதன் சாரம். அதற்கு மேல் அந்தக் கம்ப்யூட்டரை அசைக்க முடியவில்லை.

வானொலி ஒன்பதாவது தடவையாக அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"ஃபேனைப் போட்டுக்குது, லைட்டைப் போட்டுக்குது, அப்புறம் என்ன வேலைன்னு தெரியாம உக்காந்துக்குது மேடம். ஆபீஸ்ல என்னைப் பாக்கிற மாதிரியே இருக்கு."

மேடம் சிரிக்கவில்லை. காலை ஒன்பதே முக்கால் ஆகியிருந்தது. மூன்று மணிக்கு விசாரணை.

இருபது வருடம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்துவிட்டு, வெளியே வந்து இரண்டு அறையில் துப்பறியும் ஆபீஸ் வைத்தவர் மேடம். அங்கே பதினோரு வருடமாக உதவியாளன் வானொலி. வயது நாற்பத்திரண்டு. வாயை மூடத் தெரியாததால் வந்த பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். இன்று மேடம் ஆபீசுக்குப் போகாமல் நேராக அவன் வீட்டுக்கே வந்துவிட்டதற்குக் காரணம், இந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்த நான்கு போட்டோக்கள்.

இரண்டு மாதத்துக்கு முன் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் அறுந்த மாதிரி மூன்றாவது மாடியிலிருந்து இறங்கி அடியில் மோதியது. உள்ளே இருந்தது அந்தக் கட்டடத்தைப் பெருக்கித் துடைக்கும் அம்மாள். இடுப்பெலும்பு போயிற்று. லிஃப்டைப் பராமரிக்கும் கம்பெனி கையை விரித்துவிட்டது. 'பழுது, ஏறாதீர்கள்' என்று நாங்கள் போர்டு மாட்டியிருந்தோம், அதைக் கழற்றி வைத்துவிட்டு ஏறியது அந்தம்மாவின் திமிர் என்று எழுதிக் கொடுத்தது. அந்தம்மாவை வேலையை விட்டும் நீக்கியாயிற்று. எங்கம்மா பொய் சொல்லவில்லை, அதை மட்டும் நிரூபித்துக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு மகள் மேடத்திடம் வந்தாள்.

அலைந்து திரிந்ததில் மூன்று நாளைக்கு முன் ஒரு ஆள் அகப்பட்டார். அதே கட்டடத்தில் குடியிருந்த போட்டோகிராபர். லிஃப்ட் போடுகிற கிரீச் சத்தத்தைப் பற்றிப் புகார் எழுதுவதற்காக, விபத்து நடந்த அன்று காலையில் அதைப் படம் பிடித்திருக்கிறார். கதவில் போர்டு கிடையாது. உள்சுவரில் ஒட்டியிருந்த அட்டையில் 'பிரேக் பார்த்தாயிற்று, நன்று' என்று எழுதி, தேதி போட்டுப் பொடிக் கையெழுத்து ஒன்று. மனிதர் வானொலி வீட்டுக்கே வந்து படங்களை இந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தார். கேமரா கார்டைக் காலி செய்துகொண்டு, கப்பலில் படமெடுக்கும் வேலைக்கு அன்று மாலையே புறப்பட்டுப் போய்விட்டார்.

இரண்டு பிரதி எடுத்து வை என்று மேடம் சொல்லியிருந்தார். வானொலி சரி என்று தலையாட்டியிருந்தான். தலையாட்டியதோடு சரி.

இன்று காலை ஆறு மணிக்குக் கம்ப்யூட்டர் எழுந்திருக்க மறுத்தபோது, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அண்ணன்தான் ஆறுதல் சொன்னார். நேற்று மத்தியானம் வீட்டில் கரண்ட் மூன்று தடவை போய்ப் போய் வந்தது, அதில்தான் கருகியிருக்கும், நீ கையை வைக்காதே, சாயங்காலம் எனக்குத் தெரிந்த ஒரு ஆளிடம் காட்டலாம் என்றார். வானொலியைவிடப் பத்து வயது மூத்தவர் அண்ணன். லிஃப்ட் மெக்கானிக். கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பி குடும்பத்தோடே இருப்பவர். அவர் எதைத் தொட்டாலும் சரியாகும் என்பது அந்த வீட்டில் எல்லாரும் நம்புகிற விஷயம்.

மேடம் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை. அதற்குப் பக்கத்தில் இருந்த மேசைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்கள் எரிகிற மலிவான கடிகாரம். இரண்டுக்கும் ஒரே பிளக் பலகையிலிருந்துதான் கரண்ட்.

"கரண்ட் போனா இது என்ன பண்ணும்?"

வானொலியின் மனைவி சமையலறையிலிருந்தே பதில் சொன்னாள். கரண்ட் ஒரு நொடி போனாலும் அது பன்னிரண்டு மணிக்குத் திரும்பிப் போய்க் கண்ணடித்துக்கொண்டு நிற்குமாம். பின்னால் ஒரு ஓட்டையில் ஊக்கை விட்டு அழுத்தினால்தான் அடங்குமாம். அந்த வித்தை அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவள் ஊக்கை எடுத்து ஒரு மாதம் ஆகிறது.

கடிகாரம் ஒன்பது ஐம்பத்திரண்டு காட்டியது. மேடத்தின் கைக்கடிகாரமும் அதையே சொன்னது.

"அப்போ நேத்து கரண்ட் போகல" என்றார் மேடம்.

அண்ணன் வேறு யார் வீட்டையோ நினைத்துச் சொல்லியிருப்பார், நாள் முழுக்க லிஃப்டில் ஏறி இறங்குகிறவருக்குத் தலை சுற்றாமல் இருந்தால்தான் அதிசயம் என்று வானொலி சொல்லிப் பார்த்தான். மேடம் ஸ்க்ரூடிரைவரை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

பக்கத் தகட்டைக் கழற்றினான். உள்ளே இரண்டு வருடத் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. விசிறி இறக்கைகளில், வயர்களில், மூலை முடுக்கில் எல்லாம் அது கலையாமல் இருந்தது. டிஸ்க் மாட்டியிருக்கும் சின்ன இரும்புக் கூண்டைச் சுற்றி மட்டும் துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். வானொலி டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு தலையை உள்ளே விட்டான்.

டிஸ்க்கைப் பிடித்திருந்த நான்கு ஸ்க்ரூக்களிலும் சிவப்புக் கோடு இருந்தது. ஸ்க்ரூவின் தலையில் தொடங்கி, கூண்டின் இரும்பு வரைக்கும் இழுத்த மெல்லிய கோடு.

அந்தக் கோடு யாருடையது என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. லிஃப்ட் வேலையில் போல்ட்டை முறுக்கியதும் சிவப்புப் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுவார்கள். போல்ட் தளர்ந்தால் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும். இருபத்தைந்து வருடப் பழக்கத்தில் அண்ணனுக்குக் கோடு போடாமல் எதையும் முறுக்கி முடிக்கத் தெரியாது. இந்த வீட்டில் ஃபேன், கதவுக் கீல், குக்கர் கைப்பிடி, மகள் பாப்பாவின் சைக்கிள் எல்லாவற்றிலும் அந்தக் கோடு உண்டு. கம்ப்யூட்டரில் மட்டும் கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன் இந்த டிஸ்க்கை மாட்டியது வானொலிதான்.

அவன் டார்ச்சை வாயிலிருந்து எடுத்தான்.

"என்ன?" என்று மேடம் பின்னாலிருந்து கேட்டார்.

"தூசி மேடம்."

தாமதமாக வந்ததற்குச் சொன்னவற்றைச் சேர்க்காவிட்டால், பதினோரு வருடத்தில் அவன் மேடத்திடம் சொன்ன முதல் பொய் அது. நான்கு ஸ்க்ரூவையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டிஸ்க்கை வெளியே எடுத்தான். எடுத்ததும் இன்னொன்று தெரிந்தது. இது அவன் மாட்டிய டிஸ்க்கே இல்லை. பழசு, கனமானது, ஓரத்தில் ஒரு துண்டு மஞ்சள் டேப், அதன்மேல் பேனாவால் போட்ட பெருக்கல் குறி. மஞ்சள் டேப் ஒட்டிப் பழைய சாமான் விற்கிறவர் ஊரில் ஒருத்தர்தான்.

அதை மட்டும் மறைக்க முடியவில்லை, மேடத்துக்கும் அந்தக் கடை தெரியும்.

கடை, செருப்பு தைப்பவருக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்தது. கடைக்காரர் டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்து, நம்மளுதுதான் என்று ஒப்புக்கொண்டார். பெருக்கல் குறி போட்டால் செத்தது என்று அர்த்தமாம். நேற்று மத்தியானம் ஒருத்தர் வந்து கேட்டு வாங்கிப்போனாராம்.

"ஓடுற டிஸ்க் வேணாம், செத்ததா ஒண்ணு குடுங்கன்னாரு. முப்பது வருஷத்துல என்கிட்ட யாரும் அப்படிக் கேட்டதில்ல."

மேடம், ஆள் எப்படி இருந்தார் என்று கேட்டார். நல்ல மனுஷன் என்றார் கடைக்காரர். உள்ளே போய் டிஸ்க்கைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், வருடக்கணக்காக ஆடிக்கொண்டிருந்த அந்த அலமாரியைத் தன் பையிலிருந்து ஸ்பேனர் எடுத்து முறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனாராம், கூலிகூடக் கேட்கவில்லையாம். மேடம் அலமாரியிடம் போய்க் குனிந்தார். வானொலி போகவில்லை. அங்கே என்ன இருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

வெளியே வந்ததும் நடைபாதையில் நின்று மேடம் கையை நீட்டினார்.

"ஸ்க்ரூவைக் குடு."

வானொலி சட்டைப்பையிலிருந்து எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான்.

"ஸ்க்ரூவோட பாதிக் கோடுதான் வந்துச்சு. மீதிப் பாதி கூண்டுலயே இருக்கு, நாலு ஓட்டைப் பக்கத்துலயும்" என்றார் மேடம்.

"எப்போ பாத்தீங்க?"

"நீ பேச்சை நிறுத்தினப்போ. வாயிலேர்ந்து டார்ச்சை எடுத்த அப்புறமும் தூசின்னதுக்கு மேல நீ ஒரு வார்த்தை பேசல. உள்ள ஏதோ இருக்குன்னு அப்பவே எட்டிப் பாத்தேன்." ஸ்க்ரூக்களை அவனிடமே திருப்பிக் கொடுத்தார். "யாருன்னு நான் கேக்கப்போறதில்ல. நீயே சொல்லு."

சொன்னான். சொல்லச் சொல்ல, முந்தாநாள் ராத்திரி சாப்பிட்டதும் நடந்தது கண் முன்னால் ஓடியது. அண்ணே, உன் தொழில் விஷயம், வந்து பாரேன் என்று அவனேதான் கூப்பிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, நான்கு போட்டோவையும் காட்டினான். அண்ணன் முன்னால் சாய்ந்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஒரு தாளை எடுத்து, லிஃப்டின் பிரேக் எப்படிப் பிடிக்கும், தேய்ந்தால் எப்படி வழுக்கும் என்று பொறுமையாகப் படம் போட்டு விளக்கினார்.

"உங்க கம்பெனிதானே, இந்தக் கட்டடம் உன் பொறுப்பான்னு மொத நாளே கேட்டேன் மேடம். என் லிஸ்ட்லயே இல்லடான்னாரு. நான் ஊரையெல்லாம் சந்தேகப்படுற வேலை பாக்கிறேன். வீட்டுக்கு வந்தா சட்டையோட அதையும் கழட்டி மாட்டிடுவேன்."

மேடம் ஆட்டோவை நிறுத்தினார்.

அண்ணன் அன்று வேலையில் இருந்தது ஒரு ஒன்பது மாடி ஆபீஸ் கட்டடத்தில். லிஃப்டை நிறுத்தி வைத்திருந்ததால் படியேறினார்கள். மொட்டை மாடியில் ஒரு தகரக் கதவு, அதற்குள் மோட்டார் அறை. எண்ணெய் வாசனையும், தாம்புக் கயிறு கனத்துக்கு இரும்புக் கயிறுகளும், சுவர் விசிறியின் காதை அடைக்கும் இரைச்சலுமாக இருந்தது. மேடம் கதவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். அண்ணன் முட்டி போட்டு உட்கார்ந்து ஒரு போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். தம்பியைப் பார்த்ததும் கை நின்றது.

"டிஸ்க் எங்கண்ணே?"

அண்ணன் மழுப்பக்கூட இல்லை. சாமான் பையைத் திறந்து, அடியிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

"உடைச்சுப் போட்டிருக்கலாம். பாப்பா போட்டோவெல்லாம் இதுலதானே இருக்கு. எனக்கு அழிக்கத் தெரியாது, தெரிஞ்ச ஆளை வெச்சு அந்த நாலை மட்டும் அழிச்சுட்டுத் திருப்பி மாட்டிடலாம்னு வெச்சிருந்தேன்."

"உன் லிஸ்ட்ல இல்லன்னு சொன்ன."

"சொன்னேன்."

"நானே கூப்பிட்டு உக்கார வெச்சு உனக்குக் காட்டினேன். நீயும் எனக்குப் பாடம் நடத்தின. என்னைப் பாத்தா அவ்வளவு மடையனாவா தெரிஞ்சுது?"

அண்ணன் கையைக் கழிவுத் துணியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"அந்த அட்டைல கையெழுத்தைத் தேடுவீங்கன்னு தெரியும். தேதியப் பாத்தியா நீ?"

வானொலி பார்க்கவில்லை. பெரிதாக்கிப் பார்க்கிற வேலையை மேடத்துக்கு என்று விட்டு வைத்திருந்தான்.

"பதினாலு" என்றார் அண்ணன். "போன மாசத்துக்கு முந்தின மாசம், பதினாலாம் தேதி. நான் எங்க இருந்தேன்னு உனக்குத் தெரியும்."

வானொலிக்குத் தெரியும். அந்த ஒரு தேதி அவனுக்குச் செத்தாலும் மறக்காது. பாப்பாவுக்கு அப்பெண்டிக்ஸ் வெடித்து, விடிந்ததும் விடியாததுமாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய நாள். அண்ணன் வேலைக்குப் போகவில்லை. ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளை கண் விழிக்கிற வரைக்கும் அவர் அங்கேதான் இருந்தார்.

மறுநாள் ஒன்பது லிஃப்ட் பாக்கியாம். அந்தக் கட்டடத்துக்கு ஐந்து நிமிடம் போய், பிரேக்கைத் திறக்காமலே முந்தின நாள் தேதியைப் போட்டு, நன்று என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடினாராம். பதினேழாம் தேதி லிஃப்ட் விழுந்தது. இதைச் சொல்லி முடிக்கும்போது அண்ணனின் குரல் இரைச்சலில் அமுங்கிவிட்டது.

"கம்பெனி என்னையும் இன்னைக்கு விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கு. நீ டிஸ்க்கை எடுத்துட்டுப் போ. போர்டு இல்லன்னு காட்டு. அந்தம்மாவுக்கு அது போதும். தேதியப் பத்தி மட்டும் வாயைத் திறக்காத."

வானொலி பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தான். என்ன பேசினார் என்று மேடம் கேட்டார். குடுத்துட்டாரு என்று மட்டும் சொன்னான். ஒன்பது மாடி இறங்கும் வரைக்கும் அவன் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. அவனுக்கு அண்ணன்மேல் கோபப்படவேண்டும் போலவும் இருந்தது, அவர் காலைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது.

பழைய சாமான் கடையில் டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டியதும் அது சொன்ன பேச்சைக் கேட்டது. நான்கு படங்களையும் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பெரிதாகப் போட்டு எடுத்துக்கொண்டார்கள். இந்தத் தடவை மேடம் ஐந்து பிரதி எடுத்தார்.

தொழிலாளர் அலுவலக விசாரணை அறையில் மர பெஞ்சுகளும் இரும்பு பீரோக்களும் இருந்தன. நீள மேசைக்குப் பின்னால் அதிகாரி. அவர் பக்கத்தில் சொல்வதையெல்லாம் தட்டச்சு செய்யும் எழுத்தர். கடைசி பெஞ்சில் அந்தம்மாவின் மகள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கம்பெனி வக்கீலுக்குப் பின்னால் அண்ணன். இஸ்திரி போட்ட சட்டைக்கு மாறியிருந்தார்.

மேடம் முதல் போட்டோவை மேசைமேல் வைத்தார். விபத்து நடந்த அன்று காலை, ஏழு மணி பத்து நிமிடம். கதவில் போர்டு இல்லை. அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு தடவை, போட்டுக்கொண்டு ஒரு தடவை பார்த்தார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கம்பெனியின் பொய் அத்தோடு தொலைந்தது என்றுதான் வானொலி நினைத்தான்.

வக்கீல் அசரவில்லை. போர்டு விஷயத்தில் கீழே இருக்கும் ஆட்கள் தவறாகச் சொல்லியிருக்கலாம் என்று ஒரே வாக்கியத்தில் கழன்றுகொண்டார். பிறகு, மேடம் கொண்டுவந்த நாலாவது போட்டோவையே கையில் எடுத்தார். அட்டையைப் பாருங்கள், பதினாலாம் தேதி பிரேக் சோதிக்கப்பட்டு நன்றாக இருந்திருக்கிறது, மூன்றே நாளில் தானாகக் கெட்டுப்போகாது, அந்தப் பெண்மணி பாரம் ஏற்றிக் கதவை நெம்பித் திறந்திருந்தால்தான் இப்படி ஆகும் என்றார். சொல்லிவிட்டு அண்ணனை எழுந்து நிற்கச் சொன்னார்.

"இந்தக் கையெழுத்து உங்களுதா?"

"ஆமா சார்."

"அன்னைக்கு நீங்களே நேர்ல பாத்தீங்களா?"

அண்ணன் தம்பி இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

"பாத்தேன் சார். பிரேக் நல்லா இருந்துச்சு."

டிஸ்க்கைத் திருடியதைவிட இது ஆழமாக இறங்கியது. இப்படித்தான் கேட்பார்கள் என்று மாடியில் நிற்கும்போதே அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான், அந்தம்மாவுக்கு அது போதும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ஒரே நாளில் இரண்டு தடவை, அதுவும் அவன் பாசத்தை வைத்தே அவனை ஏமாற்றியாயிற்று. படுக்கையில் கிடக்கிற ஒரு பெண்ணின் தலையில் பழி இப்போது கையெழுத்தோடு இறங்கியிருந்தது.

மேடம் கையிலிருந்த காகிதங்களைப் புரட்டினார். அவரிடம் வேறு படம் இல்லை. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக, அடுத்து என்ன என்று தெரியாமல் அவர் வானொலியின் முகத்தைப் பார்த்தார். மகளும் பார்த்தாள்.

வானொலி எழுந்தான்.

"அவரு அன்னைக்கு லிஃப்டைப் பாக்கல சார்."

யார் நீங்கள் என்று அதிகாரி கேட்டார்.

"அவரோட தம்பி."

அண்ணன் இப்போதுதான் திரும்பினார். தலையை லேசாக ஆட்டி, வேண்டாம் என்றார். வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது.

"அவர் அங்க போகலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் அதிகாரி.

"என் பொண்ணுக்கு ஆபரேஷன் சார் அன்னைக்கு. காலைலேர்ந்து ராத்திரி பத்து மணி வரைக்கும் என் பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. பொழைக்குமா பொழைக்காதான்னு நான் பயந்துக்கிட்டிருந்தேன். என் கையை அவரு விடவே இல்ல."

எழுத்தர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு, கடைசியில் சொன்னது சரியாகக் காதில் விழவில்லை, நிதானமாக இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றார்.

வானொலி அண்ணனைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தடவை சொன்னான்.